தும்பா ஆலயமும் முதல் இராக்கெட்டும்

திருவாலங்காட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வானம் தெளிந்த நாட்களில் வடகிழக்கே தீச்சுடர் ஒன்று மேலெழுந்து, வெண்புகைக் கோடு கிழித்துச் செல்வதை நம் ஊர்ச் சிறார் மொட்டை மாடிகளில் நின்று கண்டு ஆரவாரிப்பதுண்டு. அக்கோட்டின் தொடக்கம் ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் என்று நாம் கூறியபோது ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் நம்பவில்லை. ஆகவே இதனை எழுதலானோம்.

பூமியின் காந்த நடுக்கோட்டின் மேலே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில், ஒருவகை மின்னோட்டம் நிகழ்கிறது. அதனை ஆராய ஏற்ற இடமாக விக்ரம் சாராபாய் தேர்ந்தது, அக்கோட்டை ஒட்டி அமைந்த தும்பா. திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூர். ஆனால் அங்கே மீனவர் குடிசைகள் இருந்தன. புனித மகதலா மரியாள் ஆலயமும் ஆயர் இல்லமும் இருந்தன. சாராபாய், பீட்டர் பெர்னார்டு பெரேரா ஆண்டகையை அணுகினார். ஆண்டகை உடனே விடை பகரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருமாறு அழைத்து, மக்கள் முன்னிலையில் விண்ணப்பத்தை வைத்தார். மக்கள் ‘ஆமென்’ என்றனர். இதனை அப்துல் கலாம் பின்னாளில் பன்முறை நினைவுகூர்ந்துள்ளார்.

பங்கு நடத்துவோர்க்கே இதன் அருமை புரியும். ஆலயச் சுவருக்கு வேறு வண்ணம் பூசவே நாம் மூன்று கூட்டம் கூட்ட வேண்டியுள்ளது! அம்மக்களோ தாம் திருமுழுக்குப் பெற்ற இடத்தையும், குடியிருந்த மணலையும் சேர்த்தே கொடுத்தனர்.

செபக்கூடம் ஆய்வுக்கூடமாயிற்று; ஆயரின் அறை வரைபட அலுவலகமாயிற்று. இராக்கெட் உறுப்புகள் மிதிவண்டியிலும் சென்றன. 1963 நவம்பர் 21 அன்று, ஆலயத்தில் பொருத்தப்பட்ட நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க இராக்கெட்டைப் பாரந்தூக்கி உயர்த்துகையில் அது சாயத் தொடங்கிற்று. பாரந்தூக்கியின் எண்ணெய் கசிந்துவிட்டது. மாலை நெருங்கவே, பழுது பார்க்க நேரமில்லை. அனைவரும் கைகொடுத்துத் தூக்கி ஏவுதளத்தில் நிறுத்தினர். கலாம் அன்று இராக்கெட்டைப் பொருத்தும் பணிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாளர். அந்தி வானில் அது சோடியம் ஆவியைப் பரப்பிச் சென்றது.

பின்னர் ஸ்ரீஹரிகோட்டா எழுந்தது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இல்லந்தோறும் கண்டோம்.

இவ்வளவும் கேட்ட ஒரு சிறுமி, “அந்தச் சனங்க எங்க போனாங்க, சாமி?” என்று வினவினாள். அருகிலேயே குடியேறினர், அதே புனிதையின் பெயரால் பள்ளித்துறையில் வேறோர் ஆலயம் எழுப்பப்பட்டது, பழைய ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம் என்றோம். “அங்கயும் கடல் பக்கத்துலதானே?” என்றாள். ஆம் என்றோம்.