சத்தமில்லாத ஏடிஎச்டி: பெண் பிள்ளைகளிடம் கண்ணுக்குத் தப்புவது ஏன்?

ஏடிஎச்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. ஒரு வேலையில் மனத்தை நிறுத்துவது, நேரத்தைக் கணிப்பது, தோன்றியதை உடனே செய்துவிடாமல் ஒரு நொடி பொறுப்பது ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளைப் பகுதிகள் இந்தப் பிள்ளைகளிடம் தாமதமாகப் பக்குவப்படுகின்றன. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், மூளைப் புறணி உச்சத் தடிமனை எட்டும் வயது மற்ற பிள்ளைகளிடம் சுமார் 7.5 ஆகவும், ஏடிஎச்டி உள்ளவர்களிடம் 10.5 ஆகவும் இருந்தது. காரணங்களில் மரபுக்கே பெரிய பங்கு. செல்லம் கொடுத்து வளர்த்ததாலோ, அம்மா வேலைக்குப் போவதாலோ இது வருவதில்லை. நன்றாகப் படிக்கும் புத்திசாலிப் பிள்ளைகளிடமும் இது இருக்கும்.

உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு ஏடிஎச்டி இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன. அதில் பெண்கள் எத்தனை பேர் என்பது, எங்கே எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுவோரை எண்ணினால், சில இடங்களில் ஒரு பெண்ணுக்கு ஒன்பது ஆண்கள் வரை இருக்கிறார்கள். பள்ளிகளில் நேரடியாகக் கணக்கெடுத்தால் அது இரண்டு, மூன்றாகச் சுருங்குகிறது. பெரியவர்களில் பார்த்தால் இரு பாலாரும் கிட்டத்தட்டச் சமம். கோவை மாவட்டத்தின் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலும், ஏடிஎச்டி கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஆண்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கு, யாரை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. வகுப்பைக் கலைக்கிற பிள்ளைக்கு டாக்டர். கனவில் இருக்கிற பிள்ளைக்குத் திட்டு.

பையன்களை வைத்துச் செய்த அளவுகோல்

இந்தக் குறைபாட்டின் வரலாறே பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் வரலாறு. 1902ல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், ராயல் மருத்துவக் கல்லூரியில் ஆற்றிய உரைகளில் இத்தகைய 20 பிள்ளைகளை விவரித்தார். அவர்களில் 5 பேரே பெண்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1968ஆம் ஆண்டுக் கையேடு, குழந்தைப் பருவத்து மிகைஇயக்கம் என்ற அளவிலேயே இதை வகைப்படுத்தியது. ஓடாத, குதிக்காத பிள்ளைக்கும் இது இருக்கலாம் என்பதை அந்தக் கையேடு ஏற்றுக்கொள்ள 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆய்வுகள் மாறவில்லை. சிகிச்சை முறைகளை ஒப்பிட்டு 1999ல் முடிவு வெளியிட்ட மிகப் பெரிய அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற 579 பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பங்கு பையன்களே.

பெண்களுக்கு உண்மையில் உதவிய ஒரு திருத்தம் அந்தக் கையேட்டில் 2013ல் வந்தது. அதுவரை 7 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்த விதி, 12 வயதுக்கு முன் என்று தளர்ந்தது. ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுக்கும் சின்ன வகுப்புகளில் சமாளித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர், ஆளுக்கொரு நோட்டு என்றானதும் தடுமாறும் பெண் பிள்ளைகள் நிறைய. பழைய விதி இவர்களில் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது.

எப்படித் தெரியும்?

ஏடிஎச்டி மூன்று விதமாக வெளிப்படும்: கவனக்குறைவு மேலோங்கியது, துறுதுறுப்பும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது. பெண்களிடம் முதல் வகை அதிகம். புத்தகம் திறந்திருக்கும், பக்கம் நகராது. கணக்கின் வழிமுறை சரியாக இருக்கும், கூட்டல் குறி கழித்தலாகியிருக்கும். வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டாள். ராத்திரி உட்கார்ந்து செய்த ஹோம் வொர்க், கொடுக்க மறந்து பைக்குள்ளேயே கசங்கிக் கிடக்கும். தண்ணீர் பாட்டில், குடை, டிபன் பாக்ஸ் மாதம் ஒன்றாவது தொலையும். குளிக்கப் போனவள் கால் மணி நேரம் கழித்தும் துண்டோடு ஜன்னல் ஓரம் நிற்பாள். இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. அன்றாடம், பல இடங்களில், வயதுக்குப் பொருந்தாத அளவில், படிப்பையும் உறவுகளையும் பாதிக்கும்படி இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

துறுதுறுப்பு பெண்களிடம் இல்லாமலில்லை; வேறு உருவில் இருக்கிறது. விடாமல் பேசுவது, நகத்தைக் கடிப்பது, தலைமுடியைச் சுருட்டிக்கொண்டே இருப்பது, நோட்டின் ஓரமெல்லாம் கிறுக்குவது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்து போவது. எதிரில் இருப்பவர் முடிப்பதற்குள் குறுக்கே பேசிவிடுவதும், சின்ன விஷயத்துக்குப் பெரிதாக அழுவதும் கோபப்படுவதும் உண்டு. இதைப் பார்ப்பவர்கள் வாயாடி, தொட்டாற்சுருங்கி என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பையன் செய்தால் ‘துறுதுறுன்னு இருக்கான்’ என்று ரசிக்கப்படும் அதே செயலுக்குப் பெண்ணுக்குக் கிடைப்பது ‘பொம்பளப் புள்ள இப்படியா இருக்கிறது?’ என்ற கேள்வி.

பெற்றோரைக் குழப்புவது இன்னொன்று. பிடித்த விஷயம் என்றால் இதே பிள்ளை மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும்; படம் வரையும், கதைப் புத்தகம் படிக்கும். ‘இதுக்கு மட்டும் கவனம் வருதே, அப்ப திமிருதானே’ என்ற முடிவுக்கு வீடு வந்துவிடும். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் இயக்கம் இவர்களிடம் மாறுபட்டிருக்கிறது. ஆர்வமும் உடனடிப் பலனும் உள்ள வேலையில் தானாக ஒட்டிக்கொள்ளும் மனம், சலிப்பான வேலையில் எவ்வளவு முயன்றாலும் வழுக்கிக்கொண்டே போகும். இதில் பிள்ளையின் விருப்பத்துக்கு அதிகம் இடமில்லை.

மறைக்கும் உழைப்பு

கண்டறிவதில் உள்ள பெரிய சிக்கல், பெண் பிள்ளைகள் இதை மறைக்கக் கற்றுக்கொள்வது. நல்ல பெண் என்றால் அடக்கம், ஒழுங்கு, சுத்தம் என்ற எதிர்பார்ப்பு சின்ன வயதிலேயே மேலே ஏறிவிடுவதால், தவறு வெளியே தெரியாமலிருக்க அவர்கள் இரட்டிப்பாக உழைக்கிறார்கள். ஒரு பக்கம் எழுத மூன்று முறை அழிப்பது, பையைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, தோழியின் டைரியைப் பார்த்து எழுதுவது, வகுப்பில் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் தனியாக எல்லாவற்றையும் முதலிலிருந்து படிப்பது. கூடவே அம்மா பை அடுக்கித் தருவார், டியூஷன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைப்பார். மதிப்பெண் வந்துவிடும். மதிப்பெண் வருகிறதே என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பள்ளியில் அமைதியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும் பிள்ளைகளில் சிலர் இந்த வகை. ஆகவே, எவ்வளவு மதிப்பெண் எடுத்தாள் என்பதோடு, அதை எடுக்க எவ்வளவு பாடுபட்டாள் என்றும் கேட்பது அவசியம். ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, கல்லூரி விடுதி என்று வெளித்துணை குறையும் கட்டங்களில்தான் இந்தச் சமாளிப்பு பெரும்பாலும் உடைகிறது.

தோழிகள் வட்டத்திலும் அடி விழுகிறது. பெண் பிள்ளைகளின் நட்பு பெரிதும் பேச்சில் நிற்பது. குறுக்கே பேசுபவளை, சொன்ன ரகசியத்தை உளறிவிடுபவளை, பிறந்தநாளை மறந்துவிடுபவளை வட்டம் மெல்ல ஒதுக்கும். அவளோ தன்னிடம் என்ன தப்பு என்று தெரியாமலே தன்னை வெறுக்கத் தொடங்குவாள்.

கண்டுகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வலுவான சான்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வருகிறது. உளவியலாளர் ஸ்டீபன் ஹின்ஷாவின் குழு 1990களின் இறுதியில் கோடை முகாம்கள் நடத்தி, ஏடிஎச்டி உள்ள 140 சிறுமிகளையும் இல்லாத 88 சிறுமிகளையும் பதிவு செய்துகொண்டு, பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தது. அப்போது அவர்களுக்கு வயது 6 முதல் 12. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, ஓட்டமும் துள்ளலும் பலரிடம் தணிந்திருந்தன, துன்பம் தணியவில்லை. கவனக்குறைவும் அவசரமும் கலந்த வகையினரில் பாதிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவர்கள் அவர்களில் 22 சதவீதம். குறைபாடு இல்லாத குழுவில் 6 சதவீதம். கவனக்குறைவு மட்டும் உள்ளவர்களிடம் இந்த முயற்சி 8 சதவீதம்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏடிஎச்டி என்றாலே இந்த முடிவு என்று பயப்பட வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்தில் அடியும் கொடுமையும் கண்ட பிள்ளைகளிடம் ஆபத்து கூடியிருந்ததாக அதே குழு பின்னர் கண்டது. ‘அடிச்சாத்தான் திருந்துவா’ என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, கையில் கீறல்கள் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

பூப்பெய்திய பிறகு இன்னொரு மாற்றம் சேர்ந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் டோபமின் இயக்கத்தோடு தொடர்புள்ளது என்பதால், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மறதியும் எரிச்சலும் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். இது குறித்த ஆய்வுகள் இன்னும் சிறியவையே. காலண்டரில் இரண்டு மூன்று மாதம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால் பயன்படும்.

பரிசோதனை

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஏடிஎச்டியைக் காட்டாது. மனநல மருத்துவர், குழந்தை வளர்ச்சி மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசி முடிவு செய்கிறார்கள். கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது என்று அறிகுறிப் பட்டியல்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஆறு அறிகுறிகளாவது, ஆறு மாதத்துக்கு மேலாக, வீடு, பள்ளி போன்ற குறைந்தது இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். 17 வயதிலிருந்து ஐந்து போதும். ஆசிரியர் நிரப்பும் படிவத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்று வந்துவிட்டாலே கைவிடக் கூடாது. அமைதியான பெண்ணைப் பற்றி அப்படித்தான் வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்த ரேங்க் கார்டுகளில் ‘கவனம் போதாது, இன்னும் நன்றாகச் செய்யலாம்’ என்ற வரி ஆண்டுதோறும் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது அதைவிட உதவும்.

வேறு காரணங்களையும் விலக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, கண் பார்வை, காது கேட்பு, தூக்கக் குறைவு ஆகிய எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். கனவில் இருப்பவளைத் தோளில் தொட்டால் திரும்புவாள், வலிப்பில் இருப்பவள் திரும்ப மாட்டாள். திடீரென்று கவனம் சிதறிய பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ பாலியல் தொந்தரவு நடக்கிறதா என்று மென்மையாக விசாரிப்பதும் இதில் அடங்கும். மறுபக்கம், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் மருந்து கொடுத்து, அடியில் இருக்கும் ஏடிஎச்டியை விட்டுவிடுவது பெண்கள் விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

உதவி

ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதற்கு மேல், தேவைப்பட்டால் மருந்து. மெத்தில்பெனிடேட், அட்டமாக்செடின் இரண்டும் இந்தியாவில் கிடைக்கின்றன. மெத்தில்பெனிடேட்டைக் கடும் கட்டுப்பாட்டோடு, மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுப்பார்கள். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் வழக்கமான பக்கவிளைவுகள். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது அளப்பார்கள். மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது போதைப் பழக்கத்தில் கொண்டுபோய் விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. எல்லாருக்கும் மருந்து வேண்டியதும் இல்லை.

வகுப்பில் செய்ய வேண்டியவற்றுக்குச் செலவு குறைவு. ஜன்னலிலிருந்து தள்ளி முன்வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, ஹோம் வொர்க்கைப் போர்டில் எழுதிப்போடுவது, பெரிய வேலையைத் துண்டுகளாக்கித் தருவது, நோட்டு அடுக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்வரச் சொல்லி எழுந்து நடக்க ஒரு சாக்கு கொடுப்பது. எல்லார் முன்னும் நிற்க வைத்துக் கேட்பது மட்டும் வேண்டாம். வீட்டில் பைக்கும் சாவிக்கும் நிரந்தர இடம், கதவில் ஒட்டிய காலைப் பட்டியல், இரவே எடுத்து வைத்த சீருடை, கண்ணெதிரே ஓடும் கடிகாரம், தினமும் ஓடியாட நேரம். தம்பியோடும் எதிர்வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடுவதை நிறுத்துவது இவை அனைத்தையும்விடக் கடினம், ஆனால் அதிகப் பலன் தருவது. மகளுக்கான படிவத்தை நிரப்பும்போதுதான் தனக்கும் இதே சிக்கல் இருந்ததைக் கண்டுகொள்ளும் அம்மாக்கள் உண்டு. அவர்களுக்கும் சிகிச்சை கிடைத்தால் வீட்டின் ஒழுங்கு எளிதாகும்.

அரசு வழிகளும் இருக்கின்றன. 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பள்ளிப் பரிசோதனைப் பட்டியலில் ஏடிஎச்டியும் இடம்பெற்றுள்ளது. சந்தேகம் வந்தால் பிள்ளையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவை நேரடியாகவும் அணுகலாம். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் உண்டு. அதுவும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சான்றிதழ் பெற்றுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். ஏடிஎச்டி மட்டும் உள்ளவளுக்கு அந்த உறுதி இல்லை. அவளுடைய நிலை பள்ளியின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

கண்டறிந்த பின் பிள்ளையிடம் அதை மறைப்பது பலனளிக்காது. வயதுக்கேற்ற சொற்களில் சொன்னால், தான் சோம்பேறியோ முட்டாளோ இல்லை என்பது அவளுக்குப் புரியும். பலருக்கு அறிகுறிகள் பெரியவர்களான பிறகும் தொடர்வதால், பள்ளி முடிக்கும்போது குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மனநல மருத்துவரிடம் முறையாக மாறிக்கொள்ள வேண்டும். பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, பள்ளி கொடுத்த சலுகைக் கடிதம் ஆகியவற்றின் நகல்களைக் கல்லூரிக்குப் போகும்போது அவளிடமே கொடுத்துவிடலாம்.