விளைபொருள் விற்பனையும் புகைப்பட வலைத்தளங்களும்

நல்ல சரக்கை விளைவிப்பது குடியானவர் வேலையில் ஒரு பாதியே. அதைத் தக்க விலைக்கு விற்பது மற்றொரு பாதியாகும். மண்டிக்கும் ஏலக் களத்திற்கும் செல்லும் சரக்கின் விலையைப் பெரும்பாலும் அன்றைய வரத்தே நிர்ணயிக்கின்றது. ஆகையால் விளைச்சலில் ஒரு பகுதியையாவது பக்குவப்படுத்தி, உபயோகிப்போருக்கு நேரே விற்கவேண்டுமென்ற எண்ணம் அநேக விவசாயிகளுக்கு உண்டாகியிருக்கிறது. கைபேசியில் எடுத்த படத்தை வெளியிட்டு வாங்குவோரைத் தேடும் வழக்கமும் கிராமங்களில் பரவி வருகின்றது. ஆயின் படம் வெளியிடும் தளங்கள் பல. ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. மண்ணின் தன்மையறியாது விதைப்பது எங்ஙனம் வீணோ, அங்ஙனமே தளத்தின் தன்மையறியாது படம் போடுவதும் வீணாகும்.

முதலில் சரக்கை ஆராய்தல்

தளத்தைத் தெரிந்தெடுக்குமுன் விவசாயி மூன்று விஷயங்களை ஆராய்தல் அவசியம். சரக்கு எத்தனை நாள் கெடாதிருக்கும்? வாங்குவோர் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனர்? ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் வாங்கக்கூடியவரா? மல்லிகைப்பூ பறித்த அன்றே விலைபோக வேண்டியது. அதற்குச் சுற்றுவட்டாரத்து ஜனங்களே கதி. மஞ்சள் தூள், செக்கெண்ணெய், பனைவெல்லம் முதலியன பல வாரங்கள் தாங்கும். தூர ஊர்களுக்கும் அனுப்பலாம். இவ்விரு வகைச் சரக்கிற்கும் ஒரே தளம் ஏற்றதாகாது.

தளங்களின் இயல்பு

(1) வாட்ஸ்அப்: இதில் வியாபாரிகளுக்கென்றே தனிச் செயலி 2018-ம் வருஷம் வெளியாயிற்று. படமும் விலையும் சேர்ந்த சரக்குப் பட்டியலை அமைக்கும் வசதி 2019-ல் சேர்க்கப்பட்டது. இதன் 'ஸ்டேட்டஸ்' படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இரு தரத்தாரும் ஒருவர் எண்ணை மற்றொருவர் பதிந்து வைத்திருந்தாலன்றி அது கண்ணிற்படாது. எனவே புதியவரைத் தேட இது உதவாது. பழகிய வாடிக்கைக்காரரைக் காப்பாற்றுவதற்கு இதனினும் சிறந்தது இல்லை. 'இன்று காலை பறித்த பூ, கிலோ இன்ன விலை' என்னும் செய்திக்கு இதுவே தகும்.

(2) இன்ஸ்டாகிராம்: 2010-ல் தொடங்கி, 2012-ல் பேஸ்புக் கம்பெனியாரால் வாங்கப்பட்டது. அறிமுகமில்லாத பட்டணவாசிகளுக்குச் சரக்கைக் காட்ட இது ஏற்றது. இதில் 'ரீல்ஸ்' எனப்படும் சிறு சலனப் படங்கள், கணக்கைப் பின்தொடராதவர்களுக்கும் காட்டப்படுகின்றன. மஞ்சள் வேகவைத்தல், மெருகேற்றுதல், அரைத்தல் ஆகியவற்றைக் காட்டும் படம், பொட்டலத்தின் படத்தைக் காட்டிலும் நம்பிக்கையூட்டும். ஆனால் இடைவிடாது படம் போட்டு வருபவருக்கே இது பலனளிக்கும்.

(3) பேஸ்புக்: 2004-ல் தோன்றியது. உள்ளூர்க் குழுக்கள் இதில் உண்டு. ஆதலால் நாற்று, தென்னங்கன்று, வைக்கோல் போன்று பக்கத்துத் தாலுகாக்களில் விலைபோகும் சரக்கிற்கு உபயோகப்படும். ஆடு, மாடு, கோழி முதலிய உயிர்ப் பிராணிகளைத் தனிநபர்கள் இதில் விற்பதை அக்கம்பெனியின் விதிகள் தடுக்கின்றன. விதியை மீறினால் கணக்கே நீக்கப்படலாம்.

(4) பின்டரெஸ்ட்: இதில் ஜனங்கள் செய்திக்காக அன்றி, யோசனை தேடி வருகின்றனர். ஒவ்வொரு படத்துடனும் விற்பனைப் பக்கத்தின் விலாசத்தை இணைக்கலாம். படம் பல மாதம் கழித்தும் தேடுவோர் கண்ணிற்படும். பனையோலைப் பெட்டி, பூந்தொட்டி, அலங்காரச் செடி ஆகியவற்றிற்கு இது பொருந்தும். சொந்த விற்பனைப் பக்கம் இல்லாதவருக்கு அதிகப் பிரயோஜனமில்லை.

(5) ஸ்னாப்சாட், ஃபிளிக்கர்: முன்னது விரைவில் மறையும் படங்களால் இளைஞர் பேசிக்கொள்ளும் இடம், பின்னது 2004-ல் தொடங்கிய, புகைப்படக் கலைஞர்களின் சேகரிப்பு. விளைபொருள் விற்பவர் இவ்விரண்டையும் விட்டுவிடலாம்.

உழைப்பிற்குக் கணக்கு

தளங்களிற் பல இலவசமெனினும் விவசாயியின் நேரம் இலவசமன்று. ஒருவர் நான்கு தளங்களில் தினம் இரண்டு மணி நேரம் செலவிட்டு, மாதம் 20 கிலோ மஞ்சள் தூள் விற்பதாக வைத்துக்கொள்வோம். அரைக்கும் கூலி, பை, அனுப்பும் செலவு யாவும் போக, ஏல விலையைவிடக் கிலோவிற்கு ரூ. 60 அதிகம் கிடைப்பின், மாத லாபம் ரூ. 1,200. இதற்குச் செலவான நேரம் 60 மணி. ஆகவே மணிக்கு ரூ. 20 தான் கண்டது. அதே விற்பனையை ஒரே தளத்தில் தினம் அரைமணி உழைத்துப் பெற்றால் மணிக்கு ரூ. 80 ஆகும். ஆதலின் புதியவர்களைச் சேர்க்க ஒரு தளம், சேர்ந்தவர்களைக் காக்க வாட்ஸ்அப் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே விவேகம். மூன்று மாதம் பரீக்ஷித்து, தேதி, விசாரித்தவர் தொகை, வாங்கியவர் தொகை, செலவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், தளத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது தானே விளங்கும். படத்தை விரும்பியவர் தொகையைப் பார்த்து மயங்கலாகாது, விரும்பியவரெல்லாம் வாங்கியவராகார்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவை

2020-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இந்திய அரசாங்கம் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. அத்தளம் ஒன்றையே நம்பியிருந்தோர் தம்மைப் பின்தொடர்ந்தவர் அனைவரையும் ஒரே நாளில் இழந்தனர். எத்தளமும் பிறருடைய நிலமே. அதில் விவசாயி வெறும் குத்தகைதாரர். ஆகையால் வாங்குவோரின் பெயர், எண், விலாசம் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்துடன் சொந்தப் புத்தகத்தில் எழுதி வைத்தல் இன்றியமையாதது.

பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. 'பணம் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து எண்ணை அழுத்துங்கள்' என்பவன் மோசக்காரன் எனத் தெளிக. ஏமாற நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

உணவுப் பொருள் விற்பவர் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்று, அதன் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடவேண்டும். மதுரை மல்லி 2013-லும் ஈரோடு மஞ்சள் 2019-லும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறிடத்துச் சரக்கிற்கு அப்பெயரைச் சூட்டுவது குற்றமாகும். படத்திற் காட்டிய சரக்கே பொட்டலத்திலும் இருத்தல் வேண்டும். வேறொருவர் படத்தை எடுத்துப் போடுதல் வியாபாரத்திற்கு ஒருநாளும் உதவாது.

கிராம அதிகாரிகளுக்கு

சிறு நிலக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்குத் தொடங்குவது கஷ்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள ஊரில், அதன் பெயரால் ஒரே பக்கம் திறந்து, படமெடுக்கத் தெரிந்த ஒருவரிடம் அப்பொறுப்பை விடலாம். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இராமல், நிர்வாகிகள் இருவரிடமாவது இருத்தல் நலம். மேற்கண்ட மோசடி எச்சரிக்கைகளைக் கிராமசபைக் கூட்டங்களில் அதிகாரிகள் எடுத்துரைப்பார்களாக.

அடுத்த அறுவடைக்கு முன்பே விவசாயிகள் தத்தம் சரக்கிற்குரிய ஒரு தளத்தை நிர்ணயித்து, உழவு தொடங்கும் நாள் முதலே படங்களைச் சேகரித்து வருவார்களாயின், சரக்கு களம் சேரும்போது அதைக் கேட்பாரும் தயாராயிருப்பர்.