வாகரைக் கடற்கரை: காண்பதும் காப்பதும்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது குடும்பத்துடன் எங்கே சென்று வரலாம் என்ற பேச்சு எமது வீடுகளில் எழுவது வழமை. ஐரோப்பிய நாடுகளில் வாழும் எமது உறவினர்கள் கோடை காலத்தில் மயோர்க்கா, மோல்ற்றா, சைப்பிரஸ் போன்ற மத்தியதரைக்கடல் தீவுகளுக்குச் சென்று, அங்கு எடுத்த புகைப்படங்களை அனுப்பி வைக்கின்றனர். தெளிந்த நீலக்கடல், வெண்மணல், பழைமையான வழிபாட்டிடங்கள், அன்றைக்குப் பிடித்த மீனில் சமைத்த உணவு என்பனவே அத்தீவுகளின் ஈர்ப்பு. இவை யாவும் மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வாகரையிலும் அதனை அண்டிய கரையோரத்திலும் உள்ளன. ஆயினும் வாகரை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவன யுத்தமும் ஆழிப்பேரலையுமே.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் இப்பிரதேசத்தின் கிராமங்களைச் சூறையாடியது. அந்தத் துயர் ஆறுவதற்குள், 2006 நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளியில் பாடசாலையொன்றில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றியபோது ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவ்வாறு எல்லாம் இழந்து மீண்டு வந்த மக்களின் ஊருக்கே நாம் விடுமுறையைக் கழிக்கச் செல்கிறோம் என்ற நினைவு முதலில் எம்மிடம் இருத்தல் வேண்டும்.

வாகரை, கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு உட்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லை. ரயிலில் வருவோர் வாழைச்சேனையில் இறங்கி, ஓட்டமாவடி ஊடாகத் திருகோணமலை வீதியில் வடக்கு நோக்கிச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் இவ்வீதியால் திருகோணமலைக்குச் செல்வோர் இடையிடையே 'பாதை'யில் ஏறியே ஆறுகளைக் கடந்தனர். கிண்ணியாவில் 2009 ஆம் ஆண்டிலும் ஏனைய இடங்களில் அதன் பின்னரும் பாலங்கள் திறக்கப்பட்டதோடு அந்தக் காத்திருப்புப் பழங்கதையாகிவிட்டது. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் ஒரே பயணத்தில் கண்டு வருவது இன்று எளிது.

செல்லும் காலத்தைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையும் கொந்தளிப்பும் நிலவும். பாசிக்குடாவின் ஆழமற்ற குடாவில் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே நிற்கும். சிறுவர்களுடன் செல்வோர் நீராட அதுவே ஏற்ற இடம். வாகரையின் திறந்த கடல் அவ்வாறானதன்று. அங்கே கரையில் நிற்கும் மீனவரிடம் நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டறிந்த பின்னரே கடலில் இறங்க வேண்டும்.

வீதியில் வரும் ஊர்ப் பெயர்களைக் கவனித்தவாறே செல்வது சிறுவர்களுக்குப் பயன்தரும். காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி எனக் 'கேணி'யில் முடியும் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. உப்புக்கடலுக்கும் உவர்க்களப்புக்கும் இடையில் நன்னீரைத் தேடிக் குடியமர்ந்த மக்களின் நினைவு அப்பெயர்களில் தங்கியிருப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது. பனிச்சங்கேணியில் களப்பு கடலைச் சந்திக்கிறது. காலை வேளையில் தோணியில் நின்று வீச்சுவலை எறிவோரையும், கண்டல் மரங்களின் வேர்களிடையே இரை தேடும் கொக்குகளையும் நாரைகளையும் அங்கு காணலாம். கண்டல் வேர்களிடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. எமது தட்டில் விழும் நண்டுக்கறி அங்கிருந்தே தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதனைவிடச் சிறந்த வகுப்பறை கிடையாது.

காயங்கேணிக் கடலின் அடியில் முருகைக்கற்பாறைகள் பரந்துள்ளன. 2019 ஆம் ஆண்டு சுமார் 950 ஹெக்டேயர் கடற்பரப்பு இங்கு கடல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. முருகை என்பது வெறுங்கல் அன்று. நுண்ணிய உயிர்கள் கூடிக்கட்டிய வீடு. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அவ்வுயிர்கள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போகின்றன. 1998 ஆம் ஆண்டு ஏற்பட்ட வெப்பத்தினால் பாசிக்குடாவின் முருகைகள் பெரும்பாலும் அழிந்தன. அதற்கு முன்னரே இக்கரையோரத்தில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழிலும் நடந்து வந்தது. பாறை போன்று திரண்டு வளரும் முருகை, ஆண்டொன்றுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் வளர்வதே அரிது. ஆகவே கண்ணாடி அணிந்து நீந்திப் பார்ப்போர் அதன்மீது கால் ஊன்றுவதோ, நினைவுப்பொருளாக ஒரு துண்டை உடைத்து எடுப்பதோ பல ஆண்டுகளின் உழைப்பை ஒரு நொடியில் அழிப்பதாகும்.

வரலாற்றை நாடுவோருக்கும் இங்கு குறைவில்லை. கதிரவெளியில் 'குரங்குபடையெடுத்த வேம்பு' என அழைக்கப்படும் இடத்தில் பெருங்கற்காலச் சின்னங்கள் உள்ளன. அதற்கும் வடக்கே, மகாவலி கங்கையின் கிளையான வெருகல் ஆற்றங்கரையில் முருகன் ஆலயம் அமைந்துள்ளது. கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் தங்கிச் செல்லும் இடம் அது. தெற்கே, 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலின் ஆழத்தில் கிடக்கிறது. பயிற்சி பெற்ற சுழியோடிகள் அதனைக் காண வெளிநாடுகளிலிருந்து வருகின்றனர். வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தினரும் வாழ்கின்றனர். அவர்கள் எமது அயலவர்கள். வேடிக்கை பார்ப்பதற்கும் அனுமதியின்றிப் படம் பிடிப்பதற்கும் உரிய காட்சிப்பொருட்கள் அல்லர்.

இங்கு ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. வருகின்ற பயணிகளால் இம்மக்களுக்குக் கிடைப்பது என்ன? பாசிக்குடாவில் 1970களில் உல்லாச விடுதிகள் இயங்கின. யுத்தத்தில் அவை சிதைந்தன. யுத்தம் முடிவடைந்த பின்னர் அங்கு வரிசையாகப் பெரு ஹோட்டல்கள் எழுந்தன. வேலைவாய்ப்புகள் சில கிடைத்தன என்பது உண்மையே. ஆனால் மீனவர்கள் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் பயன்படுத்திய கரை சுருங்கியது என்பதும் உண்மை. வாகரையில் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் இறால் பண்ணைகளுக்கும் எதிராக மக்கள் வீதியில் இறங்கியமை, தமது கரையும் களப்பும் தம்மைக் கேளாமலே கைமாறிவிடும் என்ற அச்சத்தினாலேயே ஆகும். மத்தியதரைக்கடலிலும் இதே குரல் கேட்கிறது. வீட்டு வாடகை உயர்ந்து சொந்த ஊரில் வாழ இயலாது போயிற்று என்று கூறி, 2024 ஜூலையில் மயோர்க்காவின் தலைநகர் பால்மாவில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். சுற்றுலாவினால் செல்வம் பெற்ற தீவே அதன் அளவு மீறியதை உணர்ந்து வருந்துகிறது. இன்னும் தொடங்கும் நிலையிலுள்ள வாகரைக்கு இதனைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

சைப்பிரஸ் எமக்கு வேறொரு பாடத்தைத் தருகிறது. கிரேக்கரும் துருக்கியரும் வாழும் அத்தீவு 1974 இல் இரண்டாகப் பிளவுபட்டது. அன்று கைவிடப்பட்ட வரோஷா என்ற கடற்கரை நகரின் ஹோட்டல்கள் பல தசாப்தங்கள் முட்கம்பிக்குப் பின்னால் பாழடைந்து கிடந்தன. 2003 இல் எல்லைக் கடவைகள் திறக்கப்பட்டபோது இரு தரப்பினரும் மறுபுறம் சென்று தாம் விட்டுவந்த வீடுகளைக் கண்டனர். லார்னகா நகருக்கு அருகே, குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து தங்கும் உப்பேரியின் கரையில் உம்மு ஹராம் (ரழி) அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. அது கிரேக்கர் வாழும் தென் பகுதியிலேயே உள்ளது. அடுத்தவரின் புனித இடத்தைக் காக்கும் பொறுப்பு எம்முடையது என்று கருதும் சமூகமே நாகரிகமடைந்த சமூகம்.

எமது மாவட்டத்திலும் தமிழ், முஸ்லிம் உறவு பலமுறை காயப்பட்டது. 1985, 1990 ஆம் ஆண்டுகளின் கொடுமைகளையும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் எழுந்த சந்தேகங்களையும் நாம் அறிவோம். எனினும் பெருநாள் விடுமுறையிலும் சித்திரைப் புத்தாண்டிலும் பாசிக்குடா மணலில் இரு சமூகத்துக் குடும்பங்களும் அருகருகே அமர்ந்து சோற்றுப் பொதியைப் பிரிப்பதை எவரும் காணலாம். வாகரைக்குச் செல்லும் வழியில் ஓட்டமாவடியில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவுக் கடைகளும் உள்ளன. தொழுகையை நிறைவேற்றிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். அங்கு தேநீர் அருந்தும் தமிழ்க் குடும்பமும், வாகரை மீனவரிடம் நேரடியாக மீன் வாங்கும் முஸ்லிம் குடும்பமும், எந்த மாநாட்டுத் தீர்மானமும் செய்யாத ஒன்றைச் செய்கின்றன.

அரசும் பிரதேச சபையும் ஆற்ற வேண்டிய பணிகள் உண்டு. கழிப்பறை, குடிநீர், குப்பை அகற்றல், பெண்கள் உடைமாற்றுமிடம், கடலில் ஆபத்தான இடங்களைக் காட்டும் அறிவித்தற்பலகை என்பன பெருமுதலீடு தேவைப்படாதவை. கரையோரக் காணி எதனையும் எவருக்கும் வழங்குமுன் அவ்வூர் மீனவர் சங்கங்களின் கருத்தைக் கேட்பதற்குப் பணமே தேவையில்லை.

பயணிகளாகிய எமது கடமை அதனைவிட எளிது. உள்ளூர்த் தோணிக்காரருக்கு உரிய கூலி கொடுப்போம். உள்ளூர்ச் சமையலை உண்போம். கொண்டு சென்ற பிளாஸ்ரிக் போத்தலைத் திரும்பக் கொண்டு வருவோம். விருந்தினர் சென்ற பின் வீட்டார் மகிழ்ந்திருப்பின் அதுவே நல்ல விருந்து. அடுத்த விடுமுறையில் வாகரைக்குச் செல்வோம். மறுமுறையும் வாருங்கள் என்று அம்மக்கள் மனமுவந்து அழைக்கும்படி திரும்பி வருவோம்.