பெயர் வாங்கிய சோடா

என் பெரியப்பா திண்டுக்கல் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் நின்று ரயில் பார்ப்பார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர், ஓய்வு பெற்றபின் சாவகாசமாக வேடிக்கை பார்க்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவருக்கு ரயில்மேல் ஒரு அக்கறையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பத்துப் பதினைந்து படி ஏறினால் நெஞ்சின் நடுவில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். மிச்சப் படிகளை மெல்ல ஏறி இறங்கி, அந்தப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சோடா குடிப்பார். பெரிதாக ஓர் ஏப்பம் வரும். "கேஸ்தாண்டா, வேற ஒண்ணுமில்ல."

எட்டு மாதம் அந்தச் சோடாதான் வைத்தியம். நெஞ்சை லேசாக்கியது என்னவோ அவர் நின்றதுதான். நின்றதும் இதயத்தின் வேலை குறைகிறது, குறைந்த ரத்தமே அதற்குப் போதுமானதாகிவிடுகிறது, வலி போகிறது. பெயர் மட்டும் சோடாவுக்குப் போகிறது. ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், இஞ்சி மொரப்பா, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ரோஸ் நிறத் திரவம் எல்லாமே நம் வீடுகளில் இதே கணக்கில்தான் நல்ல பெயர் எடுத்திருக்கின்றன.

வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1768-ல் லண்டனில் தன் சக மருத்துவர்களுக்கு இந்த நெஞ்சு இறுக்கத்தை விவரித்தார். நடக்கையில் வரும், மேடேறும்போதும் சாப்பிட்டவுடனும் அதிகம் வரும், நின்றால் மறையும் என்பது அவர் கண்டது. 'சாப்பிட்டவுடன்' என்பதுதான் நம்மை ஏமாற்றும் இடம். சாப்பாட்டுக்குப் பின் வந்தால் அது வயிற்றுக் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம். உடம்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும், நெஞ்சுச் சுவர், தோள், இடது கையின் உள்பக்கம் ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. செய்தி யாரிடமிருந்து வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இதயத்தின் அடிப்பாகம் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதியில் ரத்தம் குறைந்தால் மேல்வயிற்றில் வலிப்பது போலவே இருக்கும், குமட்டலும் வரும். சர்க்கரை நோயால் நரம்பு மழுங்கியவர்களுக்கு வலியே வராமலும் போகலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், அவ்வளவுதான். பெண்களில் பலருக்கும் வலியைவிட அசதியும் மூச்சிரைப்பும் முந்திக்கொள்ளும். இது பெரியம்மாவுக்கு வந்திருந்தால் சோடாகூடக் கிடைத்திருக்காது; "வேலை செஞ்ச களைப்பு" என்று சொல்லியிருப்போம்.

நடுவில் ஒரு நாள் அவரைக் கிளினிக்குக் கூட்டிப்போனது நான்தான். ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். வயிற்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த நீளத் தாளை நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார் பெரியப்பா, யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட.

அந்த ஈசிஜி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு. சும்மா இருக்கும்போது இதயத் தசைக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவு ரத்தம் போதும். கடுமையாக உழைக்கும்போது அதுவே நாலைந்து மடங்கு தேவைப்படும். ரத்தக்குழாய் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் ஓய்வுக்கான அந்தக் கால் லிட்டர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் படுத்திருக்கும் மனிதரின் ஈசிஜி அழகாகவே இருக்கும். மாடிப்படியில் வரும் வலியை நாங்கள் மல்லாக்கப் படுக்கவைத்துத் தேடியிருக்கிறோம். டிரெட்மில்லில் நடக்கவிட்டு எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கக் கூடும்.

இதில் ஏமாறுவதற்குப் படிப்போ பதவியோ தடையில்லை. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டனுக்கு மாதக்கணக்கில் மூச்சு வாங்கலும் நெஞ்சு இறுக்கமும் இருந்தன. உடற்பயிற்சி விட்டுப்போனதாலும் அமிலம் எதுக்களிப்பதாலும் வருகிறது என்று இருந்துவிட்டார். 2004 செப்டம்பரில் மருத்துவமனைக்குப் போனபோதும் முதல் பரிசோதனைகள் நார்மல். மறுநாள் ஆஞ்சியோகிராம் எடுத்ததில் சில குழாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் அடைப்பு. செப்டம்பர் 6-ம் தேதி நாலு பைபாஸ். அப்போது அவருக்கு வயது 58.

பெரியப்பாவுக்கு ஆஞ்சியோ தானாக வரவில்லை. ஒரு விடியற்காலையில் தாடை வலிக்கிறது என்று எழுந்தவர் சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்திருந்தார். அப்போதும் முதலில் வந்தது சோடாதான். அதற்கப்புறம்தான் 108. உள்ளூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை என்று போய்ச் சேர்வதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் சுமார் இருபது நிமிடத்தில் இதயத் தசை சாக ஆரம்பிக்கிறது. சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, கரையில் ஈரம் ஊறுவதுபோல வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. சில மணி நேரத்தில் காப்பாற்றுவதற்கு அதிகம் மிஞ்சாது. மூன்று குழாயிலும் அடைப்பு, பம்பிங் 38 என்றார்கள். இதயத்தின் இடது அறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இந்த 'பம்பிங்'. 55-க்கு மேல் இருந்தால் நல்லது. கூடவே சர்க்கரையும் இருந்ததால் ஸ்டென்ட் பேச்சே எழவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்டைவிட பைபாஸ் அதிக உயிர்களைக் காக்கிறது என்பதை 2012-ல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியிருக்கிறது.

38 என்றதும் பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த எண்ணுக்குள் செத்த தசையும் இருக்கிறது, தூங்கும் தசையும் இருக்கிறது. ரத்தம் நீண்ட நாள் குறைவாகவே வந்துகொண்டிருந்தால் இதயத் தசையின் ஒரு பகுதி சாகாமல், சுருங்கி விரிவதை மட்டும் குறைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருக்கும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் மரம் மாதிரி. இதய மருத்துவர் ஷஹாபுதீன் ரஹிம்தூலா 1980-களில் இந்த 'உறங்கும் தசை' பற்றி விரிவாக எழுதினார். ரத்தம் திரும்ப வந்தால் இந்தத் தசை விழித்துக்கொள்ளும். சிலருக்கு சில நாளில், சிலருக்குப் பல மாதங்களில். தாமதமாகக் கண்டுபிடித்தவர்களுக்கு அறிவியல் வைத்திருக்கும் உண்மையான நல்ல செய்தி இதுதான் என்பேன்.

பைபாஸின் கதை ஒரு கைத்தவறில் தொடங்குகிறது. 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் பெருந்தமனிக்குள் சாயம் செலுத்தப் போக, குழாயின் நுனி நழுவி இதயத்தின் வலது ரத்தக்குழாய்க்குள்ளேயே சாயம் போய்விட்டது. இதயம் நின்றது. இருமச் சொல்லிக் கத்தினார் சோன்ஸ். நோயாளி இரும, இதயம் மறுபடி ஓடியது. இதயக் குழாய்களைத் தனியாகப் படம் பிடிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. அர்ஜென்டினாவின் கிராமம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு கிளீவ்லண்டுக்கு வந்த ரெனே ஃபவலோரோ, அந்தப் படங்களை இரவெல்லாம் போட்டுப் பார்த்தார். 1967 மே மாதம், காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து அடைப்பைத் தாண்டிப் புது வழி போட்டார். லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் என்பவர் 1964-லேயே மார்புச்சுவரின் உள்ளிருக்கும் தமனியை இதயத்தின் ரத்தக்குழாயோடு இணைத்திருந்தார். அது வெளியுலகில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்தியாவின் முதல் பைபாஸ் நடந்தது நம் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், 1975-ல். செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன்.

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் அரை நாளில் முடிந்தது. அதற்கப்புறம் நடந்தது மூன்று மாத வேலை. அதைப் பற்றி யாரும் எங்களிடம் விலாவாரியாகச் சொல்லவில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன்.

நெஞ்சுதான் வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரைப் படுத்தியது கால். கணுக்காலிலிருந்து மேலே சிரையை உருவி எடுத்த இடம் வீங்கியது, எரிந்தது, கணுக்கால் பக்கம் மரத்துப்போனது. சிரைக்குப் பக்கத்தில் ஓடும் தோல் நரம்பு தொந்தரவுக்குள்ளாவதால் இது வரும். இடது மார்பில் தொட்டால் உணர்ச்சி இல்லை. அங்கிருந்து தமனி எடுத்ததன் விளைவு. இரண்டுமே பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லச் சரியாகின்றன.

நடுமார்பு எலும்பை நெடுக அறுத்துத் திறந்து, பிறகு எஃகுக் கம்பிகளால் கட்டி மூடுகிறார்கள். எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது, பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது, கட்டில் விளிம்பில் கை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, டூவீலர் கூடவே கூடாது. நம் ஊர் வேகத்தடைகளை நினைத்தால் கடைசி விதிக்கு விளக்கமே வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொல்வார்கள். இருமுவது கட்டாயம், இருமாவிட்டால் நுரையீரலின் அடியில் சளி தங்கி நிமோனியா வரும். மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி கொடுப்பதும் இதற்குத்தான். பெரியப்பா இரண்டு நாள் அதை பலூன்போல ஊதிக்கொண்டிருந்தார். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்துகள் மேலே போவது மூச்சை உள்ளிழுக்கும்போதுதான்.

மூன்றாம் நாள் நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தது. மறுபடி அட்டாக் என்று நாங்கள் பதறினோம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கு தப்பித் துடிக்கும் இந்த நிலை, ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. மருந்தில் அடங்கியது.

வீட்டுக்கு வந்தபின் அழுதார். காரணமே இல்லாமல், சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ராத்திரித் தூக்கம் போனது, நாக்கில் ருசி போனது. பெரிய இதய ஆபரேஷனுக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். கவனிக்காமல் விட்டால் குணமாவதையே அது இழுத்துப் பிடிக்கும். தாமதமாகக் கண்டுபிடித்த குடும்பத்தில் இதோடு கோபமும் சேர்கிறது. அண்ணன் ஒரு நாள் வெடித்தான்: "கேஸுன்னு சொன்ன டாக்டர் மேல கேஸ் போடணும்." பெரியப்பாதான் அவனை அடக்கினார்: "மொதல்ல சோடாக்கடைக்காரன் மேல போடு, அப்புறம் என் மேல." பல வாரம் கழித்து அன்றுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்துத் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் உடம்பு என்று அவரைப் படுக்கையிலேயே வைத்திருந்தோம். பார்க்க வந்தவர்களெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொடுத்து "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிப் போனார்கள். லட்சக்கணக்கில் செலவு செய்து, காப்பீட்டு அட்டைக்கு அலைந்து போட்ட புது வழிக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி, இதய நோயால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதையும் சாவையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகள் சேர்ந்து சொல்லும் முடிவு. இரண்டாவது செக்கப்பில் திட்டு வாங்கியபின்தான் ஆரம்பித்தோம். முதல் வாரம் ஐந்து நிமிடம், வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம். மார்பு எலும்பு 'கடக்'கென்று நகர்ந்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நடையை நிறுத்திவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டும். மூன்றாம் மாத எக்கோவில் பம்பிங் 48. உறங்கிய தசையில் கொஞ்சம் விழித்திருந்தது.

பைபாஸ் நோயைத் தீர்ப்பதில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. காலிலிருந்து எடுத்த சிரைகள் தமனியின் அழுத்தத்துக்குப் பிறந்தவை அல்ல. பத்து வருடத்தில் அவற்றில் பாதிக்குப் பக்கம் அடைத்துப்போகின்றன. மார்புத் தமனியோ பத்துக்கு ஒன்பது திறந்தே இருக்கிறது. கிளின்டனுக்கு 2010-ல் பைபாஸ் குழாய் ஒன்று அடைத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையும் ஆயுசுக்கும் தொடர்வது இதனால்தான். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஆறாம் மாதம் பலர் நிறுத்தப் பார்ப்பார்கள், பெரியப்பாவும் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, பழைய ஈசிஜி இருக்கிறதா, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். பெரியப்பா பெருமையாக மணிபர்ஸிலிருந்து அந்தத் தாளைக் கொடுக்கச் சொன்னார். பிரித்தால் வெறும் ரோஸ் கட்டங்கள். வெயிலிலும் வியர்வையிலும் கோடு மொத்தமும் அழிந்திருந்தது. ஈசிஜி அச்சாவது சூடுபட்டால் கறுக்கும் தாளில். நாளானால் மங்கும், லேமினேட் செய்தால் முழுதும் கறுத்துவிடும். அதனால் எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பைபாஸ் முடிந்தவர்கள், எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே இணைக்கப்பட்டது என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியையும் அதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆஞ்சியோ எடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.