கொழுப்புணவும் விலங்குடலும்

கோப்பாய் முதலிய செம்மண் ஊர்களிலே பசு வளர்ப்போர், வைக்கோலும் குழையும் மாத்திரமன்றி எள்ளுப் பிண்ணாக்கையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் தவிட்டொடு கலந்து வைப்பது பழைய வழக்கம். செக்கிலே ஆட்டியபின்னரும் பிண்ணாக்கில் எண்ணெய் ஓரளவு எஞ்சி நிற்கும். அவ்வெண்ணெய் விலங்கின் உடலிற் புகுந்து யாதாகின்றது என்பது ஆராயத்தக்கதாம்.

எண்ணெய்களின் பெரும்பகுதி கொழுப்பமிலங்களால் ஆயது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதியாயுள்ள லோரிக் அமிலம் ஐதரசன் நிரம்பியது. நல்லெண்ணெயில் மிக்குள்ள ஒலெயிக், லினோலெயிக் அமிலங்களோ நிரம்பாதவை. கொழுப்பை முற்றாக நீக்கி வளர்த்த எலிகள் வளர்ச்சி குன்றித் தோல் செதிலுற்றதைக் கண்டு, சில கொழுப்பமிலங்கள் உடலுக்கு இன்றியமையாதன என 1929 ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் இருவரும் நிறுவினர்.

ஆயினும், உண்ட கொழுப்பு எல்லா விலங்குகளிலும் ஒரே வகையாய்ப் படிவதில்லை. நிலக்கடலையை மிகுதியாகத் தின்ற பன்றியின் கொழுப்பு இளகி மென்மையாகின்றது; கோழியுண்ணும் எண்ணெயின் இயல்பு அதன் முட்டைக் கருவிலும் தோன்றும். இரைமீட்கும் விலங்குகளின் நிலை வேறு. பசுவின் இரைப்பையின் முதலறையில் வாழும் நுண்ணங்கிகள் நிரம்பாத அமிலங்களுட் பெரும்பாலானவற்றிற்கு ஐதரசனை ஏற்றி, நிரம்பியனவாக்கி விடுகின்றன. ஆதலினாலேயே எள்ளுப் பிண்ணாக்குத் தின்ற பசுவின் நெய்யும் உறையுந் தன்மையது.

இம்மாற்றத்தின் இடையிலே தோன்றிப் பாலிலும் நெய்யிலும் கலப்பது இணைந்த லினோலெயிக் அமிலம். இதன் பல்வேறு வடிவங்கள் கலந்த கலவையை நூற்றுக்கு அரைப்பங்கு உணவிற் சேர்த்து, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளை வளர்த்தனர். அவற்றின் உடற்கொழுப்பு ஆணில் நூற்றுக்கு 57 பங்கும் பெண்ணில் 60 பங்கும் குறைந்திருந்தமை 1997 இல் வெளியாயிற்று. உடனே இவ்வமிலம் உடல் மெலிவிக்கும் மருந்தென விலைப்பட்டது.

ஆனால் சுண்டெலிக்கு உற்றது மனிதனுக்கும் உறும் என்பது துணிபன்று. மனிதரிடத்துச் செய்த சோதனைகளை 2007 இல் தொகுத்து நோக்கியபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் உட்கொண்டோர், உட்கொள்ளாதோரினும் மிகுதியாய் இழந்த கொழுப்பு கிழமைக்கு 90 கிராம் அளவினதே. சுண்டெலிகளிலேயே உடல் மெலிந்தபோது ஈரலிற் கொழுப்பு ஏறிய கேடும் காணப்பட்டது. மேலும், கொழுப்பைக் குறைக்கும் வடிவம் நெய்யில் மிக அருகியே உள்ளது. ஆகவே நெய்யுண்டு மெலியலாம் என்பதும் பொருந்தாது.

அவ்வடிவமே பசுவின் இரைப்பையில் மிகுமாயின் பாலின் கொழுப்பைக் குறைத்துவிடும். நாருணவு குன்றி, நிரம்பாத எண்ணெய் மிகும்போது இது நிகழும். ஈரம் நீக்கிக் கணக்கிட்ட முழுத்தீனில் கொழுப்பு நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கைக் கடப்பின், நாரைச் செரிக்கும் நுண்ணங்கிகளும் நலிவுறும். பால் விற்று வாழுங் குடும்பத்துக்கு இது நேரான நட்டமாம். பிண்ணாக்கு நன்றே, வைக்கோலையும் குழையையும் குறைத்து அதனை மிகுவிப்பது நன்றன்று. எக்கொழுப்பு என்பதொடு, எவ்வளவு, எவ்விலங்குக்கு என்பனவும் உசாவி ஊட்டுதலே அறிவுடைமை.