ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட்

குழந்தைக்குப் பேதி என்றதும் வீட்டில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" நேற்றுக் கொடுத்த மாம்பழம், கல்யாண வீட்டுப் பாயசம், "பல்லு மொளைக்குது, அதான்" என்கிற பாட்டியின் தீர்ப்பு என்று விசாரணை நீளும். பல் முளைப்பதால் பேதி ஆவதில்லை. அந்த மாதங்களில் குழந்தை தவழ்ந்துபோய் கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி அந்த வழியாகப் போகிறது. அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் இந்த விசாரணையை வளர்க்காமல் வேறொன்றைக் கேட்பார்: "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

உயிரைத் தீர்மானிக்கிற கேள்வி அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். கிருமி எதுவாக இருந்தாலும் குழந்தையை முதலில் சாய்ப்பது உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, தம்ளரைக் கண்டதும் தாவிப் பிடுங்கிக் குடிக்கிறது என்றால் உடம்பு வற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து விட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் விட்ட கணமே தோல் படிந்துவிடும். மடிப்பு மெல்ல இறங்கினால் வறட்சி. இரண்டு விநாடிக்கு மேலும் அப்படியே நின்றால், அல்லது குழந்தை துவண்டு கிடந்து குடிக்கவே முடியாமல் போனால், வண்டியைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. அந்த நிலைக்கு நரம்பு வழியே ஏற்றும் திரவம் தேவை.

என்ன கிருமி என்பதை ஓரளவு கடிகாரத்தை வைத்தே ஊகிக்கலாம். விருந்து சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பந்தியில் உட்கார்ந்த பலருக்கும் வாந்தி பிய்த்துக்கொண்டு வந்தால், சமைத்த உணவில் முன்பே ஊறியிருந்த நச்சு காரணமாக இருக்கும். பரிமாறியவர் கைப்புண்ணிலிருந்து வந்த ஸ்டஃபிலோகாக்கஸாக இருக்கலாம். வடித்துவிட்டு வெளியிலேயே வைத்திருந்த சோற்றில் வளரும் பாசிலஸ் சீரியஸாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். காய்ச்சலும் வயிற்றுவலியுமாக மறுநாள் தொடங்கினால் சால்மொனெல்லாவைச் சந்தேகிப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் வாந்தியும் காய்ச்சலும், பிறகு தண்ணீர் தண்ணீராகப் போவதும் ரோட்டா வைரஸின் வழக்கம். அரிசி கழுவிய தண்ணீரைப் போல, வலியே இல்லாமல், குடம் கவிழ்ந்தது போலப் போனால் காலரா. இரண்டு வாரம் தாண்டியும் துர்நாற்றத்தோடும் வயிற்று உப்பசத்தோடும் நீடித்தால் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிக்காக மலத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் சிகிச்சையையே மாற்றுகிற அறிகுறி ரத்தம். மலத்தில் ரத்தமும் சளியும், இழுத்துப் பிடிக்கும் வலியும் இருந்தால் அது சீதபேதி. குழந்தைகளுக்கு வரும் சீதபேதிக்கு முக்கியக் காரணம் ஷிகெல்லா பாக்டீரியா. இதற்கு ஆன்டிபயாடிக் தேவை, மருத்துவர் எழுதித்தான் தரவேண்டும். காலரா தீவிரமானாலும் ஆன்டிபயாடிக் உதவும். மற்றபடி தண்ணீராகப் போகும் சாதாரணப் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. குடலில் நமக்கு உதவியாக இருக்கும் பாக்டீரியாக்களையும் அது அழித்து, பேதியை இன்னும் நீட்டித்துவிடலாம். ஈ. கோலையின் ஒருவகை ரத்தப்போக்கை உண்டாக்கும்போது ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடலின் அசைவை நிறுத்தி "பேதியைக் கட்டும்" லோபராமைட் மாத்திரையைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ரத்தமோ காய்ச்சலோ இருக்கும் பெரியவர்களுக்கும் அது வேண்டாம்.

அப்படியென்றால் மருந்துதான் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

இதன் கதையில் பெரும்பகுதி வங்காளத்தில் நடந்தது. 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, காலரா பாக்டீரியா வெளியிடும் நச்சுதான் குடலைத் தண்ணீர் கொட்டவைக்கிறது என்று முயலின் குடலில் நிரூபித்தார். அடுத்த ஆண்டே ராபர்ட் கிரேன், குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் குடல் சுவருக்குள் நுழைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா வந்தாலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலை வாய்வழியே கொடுத்து, நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவையை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள்.

ஆனாலும் மருத்துவ உலகம் தயங்கியது. 1971இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, எல்லையோர பொங்காவ் மருத்துவமனையில் காலராவுக்கென்று இருந்தவை இரண்டு அறைகள், பதினாறு கட்டில்கள். தரையெல்லாம் நோயாளிகள், மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார். பக்கத்தில் இருந்த தாயும் தகப்பனும் அண்ணனும் கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த சாவு விகிதம், இந்தக் கரைசல் கொடுத்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. 2022இல் அவர் மறைந்த பிறகுதான் இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

இந்தப் பொட்டலத்தின் உயிர் அதன் அளவில் இருக்கிறது. இன்றைய பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். இது முழுசாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பல வீடுகளில் பாக்கெட்டைக் கிழித்து, அரை தம்ளரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கிவிட்டு, மிச்சத்தை ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிடுகிறார்கள். கரைசல் கெட்டியானால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பே வரலாம். சர்க்கரை கூடினால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். கோலாவும் பெட்டி ஜூஸும் செய்வது இதைத்தான். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெட்டியில் அச்சிட்டு விற்ற இனிப்புப் பானங்களை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் வருடக்கணக்காகப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது, உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள். சின்ன பாக்கெட்டுகள் 200 மில்லிக்கானவை; அதையும் படித்துவிட்டே கரையுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

"குடுத்தா வாந்தி எடுக்கிறானே" என்று பாதித் தாய்மார் கைவிடுவது இங்கேதான். தாகத்தில் தவிக்கும் குழந்தை ஒரே மடக்கில் குடித்தால் வாந்தி வரத்தான் செய்யும். பத்து நிமிஷம் பொறுத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனாகத் திரும்பவும் தொடங்க வேண்டும். கை வலிக்கும், தூக்கம் கெடும், வேறு வழியில்லை. ஒவ்வொரு முறை போனபிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டுக் குடலை "ஓய்வெடுக்க" விடுவதும் தப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு அது ஈடாகாது.

இத்தனை மலிவான மருந்தை ஏன் எழுதுவதில்லை? கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவச் சேவையாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. லாபமோ இருப்புத் தீர்ந்ததோ அதில் சிறிய காரணங்களாகவே தெரிந்தன. நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். பிடிக்காது, ஊசியோ மாத்திரையோதான் எதிர்பார்க்கிறார் என்று எழுதுகிறவர் நினைத்துக்கொள்வதே பெரிய காரணம். "ஓ.ஆர்.எஸ். குடுங்க டாக்டர்" என்று நாமே வாய்விட்டுக் கேட்டால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரையையும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10. ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டால் மாத்திரை கரைந்துவிடும். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டால், அதோடு மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. 10 முதல் 14 நாள் முழுக்கக் கொடுத்தால்தான் அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கும் பேதி திரும்ப வரும் வாய்ப்புக் குறையும். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் இலவசம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில், அட்டையை எடுத்து அந்த மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.