உமிழ்நீர் வற்றிய வாய்க்கு ஒட்சிசன் மருந்தாகுமா?



உமிழ்நீர் என்னும் நிஃமத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை அது நம் வாயில் சுரக்கிறது. அது வற்றிவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது, நாவு அண்ணத்தில் ஒட்டும், ஓதுவதும் சிரமம், பற்கள் விரைவில் சொத்தையாகும்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பலருக்கு இதுதான் நிலை. காதருகிலும் தாடையின் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கதிர்கள் பழுதாக்கிவிடுகின்றன. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சென்ற ரமழானுக்கு முன் ஒரு சகோதரி கண் கலங்கிக் கேட்டார்: "மௌலவி, நம்ம திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையிடம் ஒட்சிசன் அறை இருக்காமே! அப்படியான அறையில் இருந்தால் இவருக்கும் எச்சில் ஊறுமாம். வளையல்களை விற்று இந்தியாவுக்குக் கொண்டு போகட்டுமா?"

நான் வைத்தியனல்லன். கேட்டும் படித்தும் அறிந்ததையே சொல்கிறேன்.

ஆழ்கடலிலிருந்து அவசரமாக மேலே வரும் சுழியோடியின் இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் உண்டாகும். அவரை மூடிய அறையில் வைத்து, காற்றழுத்தத்தைக் கூட்டி, தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்வார்கள். கடற்படையின் அறை இதற்கானதே. இதே முறையில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலான அழுத்தத்தில், தினம் ஒன்றரை மணி நேரமளவில், 30 அல்லது 40 நாட்கள் இருந்தால் கதிர்பட்ட இடத்தில் புதிய நுண்குருதிக் குழாய்கள் முளைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

வாய் வறட்சியில் பலன் என்ன? சிறிய ஆய்வுகளில் சிலர் ஆறுதல் கண்டதாகக் கூறினர். ஆனால் உமிழ்நீர் நிச்சயம் பெருகும் என்பது நிரூபிக்கப்படவில்லை. கதிர்பட்ட தாடையில் பல் பிடுங்கும்போது எலும்பு அழுகாமல் காக்க இச்சிகிச்சை உதவும் என்றும் நம்பினர். 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்விலோ, ஒட்சிசன் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் ஏறத்தாழ 100க்கு 6 பேருக்கு எலும்பு அழுகியது. காதில் அழுத்த வலி, தற்காலிகப் பார்வை மாற்றம் போன்ற பக்க விளைவுகளும் உண்டு.

ஆகவே அந்தச் சகோதரியிடம் சொன்னேன்: "வளையல்களை விற்காதீங்க. முதலில் புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்க."

வீட்டில் நாம் செய்யக்கூடியவை பல. கதிர்வீச்சுக்கு முன்பே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பின்னர் எப்போது பல் பிடுங்க நேர்ந்தாலும் கதிர்வீச்சு பெற்றதை மறைக்காதீர்கள். புளோரைட் பற்பசை பாவியுங்கள். தண்ணீரை மிடறு மிடறாக அடிக்கடி கொடுங்கள். சோற்றைக் குழைத்து, ஆணம் ஊற்றிப் பரிமாறுங்கள். சீனிப் பண்டங்களையும் உறைப்பையும் குறையுங்கள். எச்சில் சுரக்கச் செய்யும் மாத்திரை பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெற்றிலைத் தட்டை வீட்டை விட்டே அகற்றுங்கள்.

இன்னொன்று: "ஊரார் என்ன சொல்வார்கள்" என்று நாணி அவரை நோன்பு நோற்க வற்புறுத்தாதீர்கள். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்; அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனத்தைப் பாருங்கள். குணமாகும் நோயென்றால் பின்னர் களாச் செய்யலாம். தீராத நிலையென்று வைத்தியர் சொன்னால், நோன்புக்கு ஓர் ஏழை வீதம் உணவளிப்பது பித்யா. ரமழான் பகலில் அவர் கையில் தண்ணீர்க் கிளாசைக் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பதும் நம் கடமையல்லவா?

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிபாவைத் தருவானாக! ஆமீன்.